அலைக்குளத்துக்கு எந்த இயந்திரம்? காற்றறை, பலகை, பந்து, கொட்டும் தொட்டி: ஓர் ஒப்பீடு

அலைக்குளம் அமைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது உயரத்தைப் பற்றித்தான். "ஒரு மீட்டர் அலை வருமா?" இயந்திரம் விற்பவர்கள் வரும் என்கிறார்கள், பெரும்பாலும் வரவும் செய்கிறது. தொல்லை அதற்குப் பிறகு தொடங்குகிறது. எழுந்த அலை எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி, அடுத்து வரும் அலையோடு கலந்து, குளம் முழுவதும் ஒழுங்கில்லாமல் கொந்தளிக்கிறது. விளிம்பைத் தாண்டிக் கொட்டிய நீர் வடிகட்டி அறைவரை போகிறது. குளிக்க வந்தவர்களுக்குக் கடலில் நின்ற உணர்வு கிடைப்பதில்லை; முகத்தில் அறை வாங்கிய உணர்வுதான் மிஞ்சுகிறது.

அதனால் இந்த ஒப்பீட்டில் இயந்திரத்துக்குக் கொடுக்கும் இடத்தைக் குளத்துக்கும் கொடுத்திருக்கிறேன். இயந்திரம் நீருக்கு ஆற்றலைக் கொடுக்கிறது. அந்த ஆற்றல் எந்த வடிவில் நகர்கிறது, எங்கே உடைகிறது, எங்கே அடங்குகிறது என்பதையெல்லாம் ஆழமும் நீளமும் மறுமுனையும் தீர்மானிக்கின்றன. இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கேற்பக் குளம் வெட்டுவது தலைகீழ் வேலை என்பது என் உறுதியான கருத்து.

## முதலில் அளவுகோல்கள்

அலைவு நேரம். ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வரும்வரை ஆகும் நொடிகள். உயரத்தைவிட இது முக்கியம். ஆழமான நீரில் அலைநீளம், அலைவு நேரத்தின் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்கினால் கிடைக்கும் மீட்டர் அளவு. 1 நொடி அலைக்கு நீளம் ஒன்றரை மீட்டர்தான்; 2 நொடிக்கு 6 மீட்டருக்குச் சற்று மேல்; 3 நொடிக்கு 14 மீட்டர். 2 மீட்டர் ஆழக் குளத்தில் அடித்தளத்தின் தாக்கத்தால் அந்த 14 மீட்டர் 11 ஆகச் சுருங்கும். குளிப்பவரை மெதுவாகத் தூக்கி இறக்குவது 2 முதல் 3 நொடி வரையிலான அலை. அதைவிடக் குறுகிய அலை, உயரமாக இருந்தால் மூச்சு வாங்கக்கூட இடம் கொடுக்காது. விலைப்பட்டியலில் உயரம் மட்டும் எழுதி அலைவு நேரத்தை எழுதாதவரிடம் மேற்கொண்டு பேசுவதற்கு முன் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

ஆழமும் உடையும் இடமும். அலை கரையை நோக்கி வரும்போது ஆழம் குறையக் குறைய நிமிர்கிறது. உயரம், அந்த இடத்து ஆழத்தில் ஏறத்தாழ 0.78 பங்கை எட்டும்போது உடைகிறது. ஆக 90 செ.மீ. அலை சுமார் 115 செ.மீ. ஆழத்தில் உடையும். வளர்ந்தவருக்கு அது மார்பளவு நீர். சிறுவனுக்கு மூழ்கும் ஆழம். யார் எங்கே நிற்பார்கள் என்பதை இந்த எண்ணை வைத்தே திட்டமிட வேண்டும். ஆழமான நீரிலும் ஒரு வரம்பு உண்டு: உயரம் அலைநீளத்தில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டினால் முகடு தானாகவே சரிந்துவிடும். 1 நொடி அலையை எவ்வளவு பெரிய மோட்டார் போட்டாலும் 22 செ.மீ.க்கு மேல் எழுப்ப முடியாததற்கு இதுவே காரணம்.

மறுமுனை. அலை போய் அடங்க ஓர் இடம் வேண்டும். செங்குத்துச் சுவர் அலையை விழுங்காது, திருப்பி அனுப்பும். 15 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏறும் சாய்தளம் நன்றாக வேலை செய்யும். 2 மீட்டர் ஆழத்திலிருந்து அப்படிக் கரையேற 30 மீட்டர் தேவை. அலை உருவாகி நேராகி ஓட ஆழமான முனையில் இன்னும் 10 மீட்டராவது வேண்டும். முழு அளவு அலைக்குளம் 40 மீட்டருக்குக் குறையாததன் கணக்கு இதுதான். இடம் இல்லையென்றால் உயரத்தையும் அலைவு நேரத்தையும் சேர்த்துக் குறையுங்கள்; சாய்வைச் செங்குத்தாக்கி இடத்தை மிச்சப்படுத்தாதீர்கள்.

ஆற்றல். அலையில் இருக்கும் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 15 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், 3 நொடி அலைவு நேரம், 90 செ.மீ. உயரம் என்று வைத்துக் கணக்கிட்டால் நீருக்குள் போய்ச் சேர வேண்டியது மட்டும் சுமார் 42 கிலோவாட். மோட்டார், காற்று, உராய்வு ஆகியவற்றின் இழப்பு அதற்கு மேல். உயரத்தைப் பாதியாக்கினால் 42 என்பது பத்தரையாகிவிடும். 90 செ.மீ. கேட்டு வருபவர்களுக்கு 60 செ.மீ.யை நான் வற்புறுத்துவது இதனால்தான்: குளிப்பவருக்கு மகிழ்ச்சி அதிகம் குறையாது, ஆற்றல் தேவை பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

நீரின் நலம். இதுதான் பலர் கணக்கில் எடுக்காத செலவு. உடையும் அலை காற்றை நீரில் கலக்கிறது, கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறுகிறது, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏறுகிறது, ஏறிய பி.எச். குளோரினின் வலுவைக் குறைக்கிறது. அமிலமும் குளோரினும் சாதாரணக் குளத்தைவிட அதிகமாகச் செலவாகும். ஆவியாதலும் கூடும். அலை ஓடும்போது வழிகால்களில் நீர் அலை அலையாக விழுவதால், அந்த நீரைத் தாங்கி வைத்து மறுபடி குளத்துக்கு அனுப்பும் சமநிலைத் தொட்டி பெரிதாக இருக்க வேண்டும். இந்தப் பகுதியில் சிக்கனம் பிடிப்பது உயிர் சம்பந்தப்பட்ட தவறு. 2018ல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஓர் அலைக்குளத்துக்குப் போய் வந்த இளைஞர் நெக்லேரியா பௌலேரி என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்குச் சென்றதால் இறந்தார். குளோரின் போதாத வெதுவெதுப்பான நன்னீரில் அது வளரும். அலையோ நீரை மூக்குக்குள் தள்ளும்.

பாதுகாப்பும் பழுதும். 2019 ஜூலையில் சீனாவின் ஜிலின் மாகாணத்தில் ஓர் அலைக்குளத்தில் திடீரென எழுந்த பேரலையால் 44 பேர் காயமடைந்தனர். மின்தடையால் கட்டுப்பாட்டு அறையின் மின்னணுக் கருவி பழுதானதே காரணம் என்று அறிவிக்கப்பட்டது. எந்த முறையைத் தேர்ந்தாலும் ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: மின்சாரம் போய்த் திரும்பும்போது இயந்திரம் எந்த நிலையில் இருக்கும்? "நின்றபடியே இருக்கும், ஆள் வந்து இயக்கினால்தான் ஓடும்" என்பது மட்டுமே ஏற்கத்தக்க பதில். உயிர்காப்பாளர் ஒவ்வொருவரின் கையெட்டும் தூரத்திலும் நிறுத்து பொத்தான் இருக்க வேண்டும்.

பழுதைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி. ஜெர்மனியின் ராடபாய்ல் நகரில் உள்ள பில்ஸ் குளத்தில் 1912ல் பொருத்திய அலை இயந்திரம் நூறாண்டு கடந்தும் இயங்கிவருகிறது. எளிய பொறியமைப்பும் ஒழுங்கான பராமரிப்பும் சேர்ந்தால் இது நடக்கும். சிக்கலான கட்டுப்பாட்டுப் பலகையை நம்பி வாங்குபவர்கள், பத்தாண்டு கழித்து அதற்கு உதிரிபாகம் யார் தருவார் என்பதையும் இன்றே கேட்டுவிட வேண்டும்.

## காற்றறை முறை

பொதுமக்கள் குளிக்கும் அலைக்குளங்களில் அதிகம் காணப்படுவது இதுதான். ஆழமான முனையின் சுவருக்குப் பின்னால் கான்கிரீட் அறைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வோர் அறையின் முன்சுவரும் அடித்தளம்வரை இறங்காமல் பாதியில் நிற்கும். கீழே உள்ள அந்த இடைவெளியில் கம்பித் தடுப்பு. அதன் வழியாக அறையின் நீரும் குளத்தின் நீரும் ஒன்றாக இருக்கும். காற்றூதி அறைக்குள் காற்றை அடித்ததும் உள்ளே நீர்மட்டம் தாழ்கிறது. அத்தனை நீரும் இடைவெளி வழியாகக் குளத்துக்குள் தள்ளப்படுகிறது. வால்வு திறந்து காற்று வெளியேறியதும் நீர் மறுபடி அறைக்குள் ஏறுகிறது. அந்தத் தள்ளலும் இழுப்புமே அலை.

அறைக்குள் நீரை 1 மீட்டர் தாழ்த்த வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆகவே கம்ப்ரெசர் தேவையில்லை. பெரிய விசிறியே போதுமானது. நீருக்குள் அசையும் பாகம் ஒன்றும் இல்லை என்பது இந்த முறையின் மிகப் பெரிய பலம். குளிப்பவரின் கை கால் சிக்க வழியில்லை. வால்வு பழுதானால் குளத்தை வற்றவைக்காமல் சரிசெய்யலாம். எல்லா அறைகளையும் ஒரே நேரத்தில் இயக்கினால் நேரான அலை; ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி இயக்கினால் வைரக்கட்டம் போலக் குறுக்கும் நெடுக்குமாக முகடுகள் எழும். ஒரே குளத்தில் பல வகை அலைகளை இப்படிக் கொண்டுவரலாம்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது ஓசை. காற்றூதியின் இரைச்சலும் வால்வு திறக்கும்போது வரும் பெருமூச்சும் சேர்ந்து, தடுப்புச் சுவரோடு தனி இயந்திர அறை கேட்கும். இரண்டாவது அரிப்பு. உட்புறக் குளமாக இருந்தால் காற்றூதி உறிஞ்சுவது குளோரின் கலந்த ஈரக்காற்று. விசிறி, வால்வு, குழாய் எல்லாமே அதைத் தாங்கும் உலோகத்தில் இருக்க வேண்டும். வெளிக்காற்றை இழுக்கும் குழாய் வைப்பது நீண்ட காலத்தில் மலிவு. மூன்றாவது, கான்கிரீட் அறை நிரந்தரமானது. பிறகு மனம் மாறினால் இடிக்கத்தான் வேண்டும். பழைய குளத்தில் இதைச் சேர்ப்பது ஏறத்தாழப் புதுக் குளம் கட்டுவதற்குச் சமம்.

புதிதாகக் கட்டும் பொழுதுபோக்குக் குளம், 40 மீட்டருக்கு மேல் இடம், நாள் முழுவதும் விட்டுவிட்டு ஓட வேண்டிய தேவை: இந்த மூன்றும் சேர்ந்தால் நான் வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

## பலகை முறை

இங்கே நீரை நேரடியாகப் பலகை தள்ளுகிறது. இரண்டு வகை உண்டு. உந்துபலகை முழுவதுமாக முன்னும் பின்னும் நகரும். கீல்பலகை அடியில் கீலிட்டு, கதவு போல மேல்முனை மட்டும் ஆடும். எதைத் தேர்வது என்பதை ஆழம் சொல்கிறது. அலைநீளத்தோடு ஒப்பிட ஆழம் குறைவாக இருந்தால் நீர், மேலிருந்து அடிவரை கிட்டத்தட்ட ஒரே அளவில் முன்னும் பின்னும் அசையும். உந்துபலகை அதே அசைவைக் கொடுக்கிறது. ஆழம் அதிகமானால் அசைவு மேற்பரப்பில் மிகுந்து கீழே போகப் போகத் தேய்ந்துவிடும். கீல்பலகையின் அசைவு அதற்குப் பொருந்துகிறது. பொருந்தாத பலகையைப் போட்டால் அதன் அருகே நீர் வீணாகக் கலங்கும், அலை கெடும்.

சிறிய ஆய்வுத் தொட்டியில் இதை எண்ணாகவே பார்க்கலாம். 20 செ.மீ. ஆழ நீரில் 1 நொடி அலை வேண்டும் என்று வையுங்கள். கோட்பாட்டுக் கணக்கின்படி உந்துபலகை 4 செ.மீ. நகர்ந்தால் ஏறத்தாழ 4 செ.மீ. உயர அலை எழும். அதே அலையைக் கீல்பலகையால் எழுப்ப நீர்மட்டத்தில் 7 செ.மீ.க்கும் சற்று மேலே ஆட வேண்டும். கரையோர ஆய்வுக்கு உந்துபலகையும், கப்பல் மாதிரிகளை மிதக்கவிடும் ஆழத் தொட்டிக்குக் கீல்பலகையும் பொதுவாகப் பயன்படுவதன் காரணம் இங்கே தெரிகிறது.

அலையைத் துல்லியமாகக் கட்டுப்படுத்துவதில் பலகைக்கு நிகர் இல்லை. அமெரிக்கக் கடற்படையின் கார்டராக் ஆய்வுத் தளத்தில் 1962 முதல் காற்று முறையில் இயங்கிய பெரிய அலைத்தொட்டியில், 2013ல் அதை அகற்றிவிட்டுத் தனித்தனியே இயங்கும் 216 பலகைகளைப் பொருத்தினார்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 2014ல் திறந்த வட்டத் தொட்டிக்கு 25 மீட்டர் விட்டம், 2 மீட்டர் ஆழம், சுற்றிலும் 168 பலகைகள். எந்தத் திசையிலிருந்தும் அலையை வரவழைக்கலாம். எல்லாவற்றையும் நடுவில் ஒரு புள்ளியில் குவிக்கவும் செய்யலாம். அங்குள்ள பலகைகள் வேறொன்றும் செய்கின்றன: தம்மீது மோதும் அலையின் விசையை உணர்ந்து, அதை விழுங்கும்படி நகர்கின்றன. சாய்தளத்துக்கு இடமில்லாத இடத்தில் மறுமுனையின் வேலையை இயந்திரமே பார்ப்பது இது ஒன்றில்தான்.

இதற்கு விலையும் உண்டு. பலகைக்குப் பின்னால் நீர் இருந்தால் அங்கும் அலை எழும். அதை அடக்கத் தனி அமைப்பு வேண்டும். பின்புறத்தை உலர்வாக வைத்தால் 2 மீட்டர் ஆழ நீர், பலகையின் ஒவ்வொரு மீட்டர் அகலத்திலும் 2 டன் எடை அளவுக்கு ஓயாமல் அழுத்தும். அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே அசைய வேண்டும். ஓரங்களில் ரப்பர் அடைப்பு கசியாமல் இருக்க வேண்டும். அடைப்பு தேய்வதும் மாற்றுவதும் ஆண்டுதோறும் வரும் செலவு. எண்ணெயில் இயங்கும் அமைப்பானால் கசிவு நேராகக் குளத்து நீருக்குள் வரும். மின்மோட்டாரில் இயங்குவதே குளிக்கும் இடத்துக்கு உகந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அசையும் பலகைக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடுக்கு ஆபத்தானது. மக்கள் குளிக்கும் குளத்தில் பலகை முறையைத் தேர்ந்தால், அதன் முன்னே உறுதியான தடுப்பு இல்லாமல் ஒரு நாள்கூட இயக்கக் கூடாது.

நீருக்குள் ஆப்பு வடிவக் கட்டையை மேலும் கீழும் இறக்கி ஏற்றும் முழுக்குக் கட்டை முறையையும் இதன் தம்பியாகச் சொல்லலாம். அமைப்பு எளிது, பள்ளி கல்லூரித் தொட்டிகளுக்கு ஏற்றது, மூலையில் ஒதுங்கி நிற்கும். ஆனால் அலையின் வடிவத்தை விருப்பப்படி மாற்றும் வசதி குறைவு.

## அலைப்பந்து

ஏற்கெனவே ஒரு சாதாரண நீச்சல் குளம் இருக்கிறது, இடிக்க முடியாது, அலை வேண்டும் என்பவர்களின் கண் இதன்மேல்தான் விழுகிறது. நீரில் மிதக்கும் பெரிய பந்து மோட்டாரின் வலுவால் மேலும் கீழுமாக அசைகிறது. அது எழுப்பும் சிற்றலை தன்னளவில் பெரிதல்ல. ஆனால் குளத்தின் இயல்பான ஊசலோடு தாளம் சேர்ந்தால் ஒவ்வோர் அசைவும் முந்தியதன்மேல் கூடி வளர்கிறது. ஊஞ்சலை உரிய நேரத்தில் தள்ளுவது போன்ற ஒத்ததிர்வு.

இந்தத் தாளத்தை நீங்களே கண்டுபார்க்கலாம். 1 மீட்டர் நீளக் கண்ணாடித் தொட்டியில் 20 செ.மீ. உயரத்துக்கு நீர் ஊற்றி, ஒரு முனையில் உள்ளங்கை அகலப் பலகையால் ஒன்றரை நொடிக்கு ஒரு முறை மெல்லத் தள்ளுங்கள். சில தள்ளல்களிலேயே நீர் இரு முனைகளிலும் ஏறி இறங்கத் தொடங்கும். நிறுத்தாவிட்டால் வெளியே கொட்டும். அதே வலுவில் ஒரு நொடிக்கு ஒரு முறை தள்ளிப்பாருங்கள். நீர் குழம்புமே தவிர அப்படி உயராது. 25 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் இந்த இயல்பு ஊசலின் நேரம் 13 நொடி. அதற்கு அடுத்த நிலை 6.7 நொடி, அதற்கும் மேல் இன்னும் குறுகிய நிலைகள். பந்து இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். நீர்மட்டம் 15 செ.மீ. குறைந்தாலே தாளம் 5 சதவீதம் நகர்ந்துவிடும். கட்டுப்பாட்டுக் கருவி அதைத் தானாகக் கண்டு சரிசெய்யும் திறன் உள்ளதா என்று பாருங்கள்.

மின்சாரம் குறைவு, கட்டுமானம் இல்லை, வேண்டாதபோது எடுத்துவிடலாம். இவை உண்மையான நன்மைகள். குறைகளும் அதே அளவு உண்மையானவை. இது ஓடும் அலை அல்ல, நிலை அலை. சில இடங்களில் நீர் ஏறி இறங்கும்; சில இடங்களில் மட்டம் மாறாமல் பக்கவாட்டில் மட்டும் இழுக்கும். குளத்தின் இரு முனைகளிலும் எப்போதும் ஏற்றம் மிகுதி. 30 செ.மீ. அலை என்றால் முனைச்சுவரில் நீர் சாதாரண மட்டத்துக்கு மேல் 15 செ.மீ. எழும். விளிம்புவரை நீர் நிற்கும் வழிந்தோடும் வகைக் குளங்களில் அது முழுவதும் வெளியேதான் போகும்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். மாடிக் குளத்தில், கட்டடப் பொறியாளர் கணக்கிட்டு எழுதிக் கொடுக்காமல் ஒத்ததிர்வு முறையைத் தொடாதீர்கள். உயரமான கட்டடங்களின் ஆட்டத்தைத் தணிக்க, நீர் ததும்பும் தொட்டிகளை உச்சியில் வைக்கும் வழக்கம் உண்டு. ததும்பும் நீர் கட்டடத்தை அசைக்கும் அளவு விசை கொண்டது என்பதாலேயே அது சாத்தியமாகிறது. தாளம் தவறாகப் பொருந்தினால் அதே விசை எதிராக வேலை செய்யும்.

## கொட்டும் தொட்டி

குளத்தின் பின்புறம் உயரத்தில் நீரைத் தேக்கி, மதகுகளைச் சட்டென்று திறந்து கொட்டுவது. அமெரிக்காவின் அரிசோனாவில் டெம்பி நகரில் 1969ல் திறந்த அலைக்குளமும், புளோரிடாவில் 1989ல் திறந்த டைபூன் லகூன் நீர்ப்பூங்காவின் குளமும் இம்முறையில் அமைந்தவை. தொடர் அலை கிடையாது. ஓர் ஆளுயரத்துக்கு ஒற்றைப் பேரலை, பிறகு அமைதி, மறுபடி ஓர் அலை. காத்திருந்து ஆரவாரம் செய்யும் கூட்டத்துக்கு இது கொடுக்கும் உற்சாகம் தனி.

"சிறிய பம்பு போதும், மெல்ல நிரப்பிக்கொள்ளலாம்" என்று சொல்வார்கள். கணக்குப் போடுங்கள். 200 கன மீட்டர் நீரை 6 மீட்டர் ஏற்ற ஏறத்தாழ 3.3 கிலோவாட் மணி. ஒன்றரை நிமிடத்துக்கு ஓர் அலை என்றால் இழப்பே இல்லாவிட்டாலும் 130 கிலோவாட் தொடர்ந்து ஓட வேண்டும். கொட்டும்போது பெரும்பகுதி கலக்கத்திலும் நுரையிலும் தீர்ந்துவிடுகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஓர் அலை போதும் என்றால் கணக்கு தாங்கக்கூடியதாகிறது. அந்தச் சூழலில் மட்டும் யோசியுங்கள்.

## அலைச்சறுக்குக்கு

இது வேறு உலகம். கலிபோர்னியாவின் லெமூரில் 2015 இறுதியில் வெளியுலகுக்குத் தெரியவந்த குளம் சுமார் 700 மீட்டர் நீளம். நீருக்குள் இறக்கை போன்ற அமைப்பைத் தண்டவாளத்தில் இழுத்து ஓர் அலையை எழுப்புகிறார்கள். நீர் அடங்கியபின்தான் அடுத்தது. வேல்ஸில் 2015ல் திறந்த குளத்துக்கு இழுக்கும் இறக்கையைக் கொடுத்த வேவ்கார்டன் நிறுவனமே, 2019ல் பிரிஸ்டலில் திறந்த குளத்துக்கு வரிசைப் பலகை முறைக்கு மாறிவிட்டது. ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் சறுக்க முடியும் என்பதில் வருமானம் இருக்கிறது. அந்தக் கணக்கில் பலகை வென்றது. 2018ல் டெக்சாஸின் வேகோ நகரில் தொடங்கிய சறுக்குக் குளம் காற்றறையைக் கணினியால் இயக்குகிறது. பழைய முறையிலும் இன்னும் உயிர் இருக்கிறது என்பதற்கு அது சான்று.

இடம் குறைவாக இருப்பவர்களுக்குத் தகடுநீர் உண்டு. மெத்தை போர்த்திய மேட்டின்மீது மெல்லிய நீரைப் பாய்ச்சி, அதன்மேல் சறுக்குவது. நீச்சல் குளமே தேவையில்லை, ஆழமும் இல்லை. ஆனால் 5 மீட்டர் அகலத்தில் 7 செ.மீ. தடிமன் நீர் நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் பாய, நீரின் இயக்க ஆற்றலுக்கு மட்டும் சுமார் 128 கிலோவாட் தேவை. சறுக்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பம்பு ஓடும் நேரமெல்லாம் அந்தச் செலவு உண்டு.

## மீன் தொட்டிக்கும் வகுப்பறைத் தொட்டிக்கும்

பவளம் வளர்ப்பவர்களுக்குத் தேவை உயரமான அலை அல்ல, திசை மாறும் நீரோட்டம். எதிரெதிர் முனைகளில் இரு சுழற்சிப் பம்புகளை மாறிமாறி இயக்கினால் போதும். 120 செ.மீ. நீளமும் 50 செ.மீ. நீரும் உள்ள தொட்டியின் இயல்பு ஊசல் 1.3 நொடி. பம்பை அந்தத் தாளத்தில் துடிக்க விட்டால் அழகாக ததும்பும், கண்ணாடி ஒட்டிய சிலிக்கோன் மூட்டுகளும் அதே தாளத்தில் இழுபடும். ததும்பலை 2 செ.மீ.க்குள் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

வகுப்பறையில் கடற்கரை மாதிரி செய்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று: 2 செ.மீ.க்குக் குறைந்த ஆழத்திலும் 0.35 நொடிக்குக் குறைந்த அலைவு நேரத்திலும் மேற்பரப்பு இழுவிசை குறுக்கிடும். கடல் அலையின் நடத்தை அங்கே தெரியாது. 25இல் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்தால் நேரம் 5இல் ஒரு பங்காகும். கடலின் 10 நொடி அலைக்குத் தொட்டியில் 2 நொடி. மறுமுனையில் செங்குத்துக் கண்ணாடியை அப்படியே விடாமல், சரளைக்கல்லைச் சாய்வாகக் குவித்துவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| முறை | எழும் அலை | பழைய குளத்தில் பொருந்துமா | கண்ணுக்குத் தெரியாத செலவு | ஏற்ற இடம் |
|---|---|---|---|---|
| காற்றறை | தொடர் அலை, பல வடிவங்கள் | பொருந்தாது | ஓசைத் தடுப்பு, அரிப்பு | புதிய பொதுக் குளம் |
| உந்துபலகை | துல்லியமான அலை, குறைந்த ஆழம் | அரிது | அடைப்பு, தடுப்புக் கம்பி | கரையோர ஆய்வு, சறுக்கு |
| கீல்பலகை | துல்லியமான அலை, மிகுந்த ஆழம் | அரிது | அடைப்பு, கீல் தேய்மானம் | கப்பல் மாதிரித் தொட்டி |
| முழுக்குக் கட்டை | எளிய சீரலை | ஓரளவு | தடுப்பு வேலி | சிறு ஆய்வுத் தொட்டி |
| அலைப்பந்து | நிலை அலை | பொருந்தும் | வழியும் நீர், கட்டடச் சோதனை | தரைமட்ட நீள்சதுரக் குளம் |
| கொட்டும் தொட்டி | ஒற்றைப் பேரலை | பொருந்தாது | ஓயாத பம்பு மின்சாரம் | பெரிய பூங்கா |
| தகடுநீர் | நின்ற இடத்தில் பாயும் நீர் | குளம் வேண்டாம் | ஓயாத பம்பு மின்சாரம் | சிறிய இடத்தில் சறுக்கு |

## தேர்வு செய்யும்போது

பழைய 25 மீட்டர் குளம் வைத்திருப்பவர் பந்தைத் தவிர மற்றவற்றை மறந்துவிடலாம். விளிம்பில் ஒரு சாண் உயரமாவது மிச்சம் இல்லையென்றால் பந்தையும் மறந்துவிட வேண்டும். உடற்பயிற்சிக்கு எதிர்த்து நீந்த வேண்டும் என்பதே நோக்கமானால் உங்களுக்குத் தேவை அலை அல்ல, எதிர்நீரோட்டப் பம்பு. அதற்கான செலவும் தொல்லையும் மிகக் குறைவு. குழந்தைகள் அதிகம் வரும் குளமானால் காற்றறையைத் தேர்ந்து, உயரத்தை 60 செ.மீ.க்குள் நிறுத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி அதே அளவு ஓய்வு விடுங்கள். ஓய்வு நேரத்தில் உயிர்காப்பாளர் நீருக்கு அடியில் தெளிவாகப் பார்க்க முடியும்; வடிகட்டியும் தன் வேலையை முடித்துக்கொள்ளும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு குளத்துக்கு உங்களை அழைத்துப்போகச் சொல்லுங்கள். எந்த ஆழத்தில் அளந்த உயரம் என்று கேளுங்கள். மீட்டரில் எத்தனை கிலோவாட் ஓடுகிறது என்று பாருங்கள். பிறகு இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கரையில் நின்று, நீர் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள். சில அலைகளுக்குள் அடங்கினால் அந்தக் குளத்தின் மறுமுனை சரியாகக் கட்டப்பட்டிருக்கிறது. வரைபடத்தை வாங்கி உங்கள் பொறியாளரிடம் கொடுக்கலாம். நெடுநேரம் ஊசலாடிக்கொண்டே இருந்தால், அங்கே எந்த இயந்திரம் ஓடினாலும் அதே வடிவக் குளத்தைக் கட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள்.